புதுப்பிப்பு: விற்கப்பட்ட ஆத்தா படம்

போன வாரம் எழுதியிருந்தேன்: அப்பச்சியின், அதாவது அப்பாவின், அறுபதாம் சாந்திக்கு நாங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தை, எடுத்தவரே காரைக்குடியில் ஒரு விடுதிக்கு விற்றுவிட்டார். வளவு முற்றத்துத் தூணருகே ஆத்தா, என் அம்மா, குனிந்து நகரத்தார் தாலியான கழுத்திருவைச் சரிசெய்கிற படம்.

நேற்று அந்தப் புகைப்படக்காரரைப் பார்த்தேன். "நான் எடுத்தது, எனக்குத்தானே உரிமை தம்பி?" என்றார். இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எங்களிடையே இருந்தது முன்பணச் சீட்டு மட்டும்தான்.

சரி, சட்டத்தை விடுங்கள். ஆத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் சம்மதித்தும் இருப்பார்.

விடுதிக்காரர்கள் படத்தை இறக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஃபிரேமின் பின்னால் 'செட்டிநாட்டு ஆச்சி' என்று விலைச்சீட்டு. ஆத்தா பார்ப்பதற்குள் கிழித்துவிட்டேன்.