அம்மம்மாவுக்கும் விளங்குகிற சொல் வேண்டும்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, தன் பாலினத்தவரையே விரும்புகிறவர்கள், பிறந்த பாலை விட்டு வேறு பாலாக வாழ்கிறவர்கள் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறோம். சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம், உதவுங்கள்.

சட்டப் பகுதி சரி. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள்தான் இன்னும் தலைக்கு மேல் தொங்குகின்றன. 1995இல் திருத்தியபோது எடுத்துவிடுவார்கள் என்று பார்த்தால், பெண்களையும் சேர்த்துவிட்டார்கள்! இந்தியாவில் 2018இல் உச்ச நீதிமன்றம் இதே மாதிரிச் சட்டத்தைத் தளர்த்தியதையும் எழுதிவிட்டோம்.

சிக்கல் முதல் பக்கத்தில். தன் பாலினத்தவரையே விரும்புகிறவர்களை "தன்பாலீர்ப்பாளர்" என்று வாசித்துக் காட்டினேன். "இது என்ன வருத்தம் பிள்ளை?" என்று கேட்டார் அம்மம்மா. இவர்கள் எல்லோரையும் சேர்த்து "பால்புதுமையினர்" (ஆங்கிலத்தில் queer) என்றதும் மாமா, பால் பண்ணையோ என்று சிரித்தார். திருநங்கை என்றால் தமிழ்நாட்டுப் படங்களால் விளங்குகிறது. திருநம்பி (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர்) என்றால் முழிக்கிறார்கள். ஊரில் புழங்குகிற மற்றச் சொற்கள் எல்லாம் வசவு.

வடமராட்சி, தீவகம், வன்னிப் பக்கம் உள்ளவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இழிவில்லாமல் சொல்கிற சொல் ஏதும் இருக்கிறதா? பழைய சொல்லானாலும் பரவாயில்லை.

அப்புறம் இன்னொன்று. சுகாதார அமைச்சின் 2016 சுற்றறிக்கையின்படி, பால் மாறியதை ஏற்கும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் எடுத்துப் பிறப்புச் சான்றிதழை மாற்றியவர்கள் யாராவது இருந்தால், மனநல வைத்தியரிடம் தமிழிலேயே பேச முடிந்ததா, எத்தனை தடவை அலைந்தீர்கள் என்று சொல்லுங்கள். அதை மட்டும் உள்பெட்டியில் எழுதுங்கள், இங்கே சொந்தக்காரர் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆவணி முடிய முதல் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.