நாலு மாசத்துல மூணரை கிலோ: இப்படியே போகலாமா?

திருப்பூர்_செல்வி:

வணக்கம்ங்க. வயசு 41, உயரம் 155 செ.மீ. பனியன் கம்பெனியில செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். தை மாசம் 74 கிலோ இருந்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை. எனக்கும் ஹெச்பிஏ1சி (மூணு மாசச் சராசரிச் சர்க்கரை டெஸ்ட்) 5.9 வந்துச்சு, சர்க்கரை நோய்க்கு முந்தின நிலை. டாக்டரம்மா எடையைக் குறைக்கச் சொன்னாங்க. அன்னையிலிருந்து டீக்குச் சர்க்கரை போடறதில்ல. சாயந்திரம் டீயோட சாப்பிட்ட பப்ஸை நிறுத்தியாச்சு. ராத்திரி சோத்துக்குப் பதிலா ரெண்டு தோசை, கூடவே ஏதாவது ஒரு காய். காலையில வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் நடக்கறேன்.

இப்போ வைகாசி, 70.5 கிலோ. அதுலயும் போன மூணு வாரமா அசையவே இல்லீங்க. நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் போயிட்டு வந்து ஏறி நின்னா 72.1 காட்டுது! எங்க லைன்ல ஒரு பொண்ணு ஏதோ பவுடர் குடிச்சு ஒரே மாசத்துல எட்டு கிலோ இறங்கிட்டா. என்னையும் வாங்கச் சொல்றா. மாமியார், "இத்தனை நாள் வாயைக் கட்டி இவ்வளவுதானா"ங்கறாங்க. அந்தக் கேள்விதான் ராத்திரி தூங்க விடமாட்டேங்குது. இப்படி மெதுவாக் குறைச்சவங்க யாராவது இருக்கீங்களா? மனசு விடாம எப்படி இருந்தீங்க?

திண்டுக்கல்_மீனாட்சி:

செல்வி, எனக்கு 52 வயசு, கூட்டுறவு சங்கத்துல கவுண்டர் வேலை. 81 கிலோவுல இருந்து 68க்கு வர ரெண்டரை வருஷம் ஆச்சு. மாசத்துக்கு அரைக் கிலோகூட இல்ல. நீங்க என்னைவிட வேகமாத்தான் போறீங்க.

முதல்ல அந்த 72.1ஐப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்புன்னா சுமார் 7,700 கலோரி. ரெண்டு நாள்ல 1.6 கிலோ கொழுப்பு ஏறணும்னா, வழக்கமா சாப்பிடறதுக்கு மேல 12,000 கலோரிக்கும் கூடுதலா உள்ள போயிருக்கணும். எந்தக் கல்யாணப் பந்தியிலயும் அவ்வளவு சாப்பிட முடியாது. ஏறினதுல பெரும்பகுதி தண்ணி. ஊறுகாய், அப்பளம், வத்தக்குழம்புல இருக்கற உப்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். சோறும் இனிப்பும் ஈரல்லயும் தசையிலயும் கிளைகோஜனா, அதாவது உடம்பு சேமிச்சு வெக்கற சர்க்கரையா சேரும். அது ஒரு கிராம் சேர்ந்தா கூடவே சுமார் மூணு கிராம் தண்ணியும் சேரும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினா சில நாள்ல அது இறங்கிடும். சாப்பாட்டைத் திடீர்னு குறைக்கறவங்களுக்கு முதல் வாரம் மளமளன்னு இறங்கறதுலயும் பெரும்பங்கு இந்தத் தண்ணிதான்.

இப்போ உங்க மூணரை கிலோ. 7,700ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 27,000 கலோரி. நாலு மாசத்துக்குப் பிரிச்சா தினம் 225. ஏறக்குறைய நீங்க நிறுத்தின அந்த ஒரு பப்ஸ் அளவு! செஞ்சதுக்கு உண்டான பலன் அப்படியே வந்திருக்கு செல்வி, எதுவும் வீணாப் போகல. மாமியார் கேட்டா இந்தக் கணக்கைச் சொல்லுங்க.

நான் செய்யறது இதுதான். காலையில எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்து, காபிக்கு முன்னாடி எடை பார்ப்பேன். பால் கணக்கு எழுதற மாசக் காலண்டர்ல அந்தந்தக் கட்டத்து ஓரமா குறிச்சுடுவேன். ஞாயித்துக்கிழமை ஏழையும் கூட்டி ஏழால வகுப்பேன். அந்தச் சராசரியைத்தான் என் எடைன்னு எடுத்துக்குவேன். மாதவிடாய் இருந்த வரைக்கும், இந்த மாசம் அது முடிஞ்ச மறுவாரத்தைப் போன மாசம் அது முடிஞ்ச மறுவாரத்தோடதான் ஒப்பிடுவேன். தேதி நெருங்கற வாரத்துல ஒரு கிலோ வரைக்கும் ஏத்திக் காட்டும், அதைப் பார்த்து எத்தனை பொண்ணுங்க நடையையே விட்டுடறாங்க! உங்க மூணு வாரத்துல அப்படி ஒரு வாரம் இருந்துச்சான்னு பாருங்க.

எண்ணெய் வீட்டுல நாலு பேருக்கு வாரம் அரை லிட்டர். தனி பாட்டில்ல ஊத்தி வெச்சிடுவேன், அது தீர்ந்தா அந்த வாரத்துக்கு அவ்வளவுதான். கல்யாணம், கெடா வெட்டு எதையும் விடல. மறுநாள் வழக்கமான இட்லி, வழக்கமான நடை. சாப்பிட்டதுக்காகப் பட்டினி கிடந்து ஈடு கட்டறது என் வீட்டுல கிடையாது. பட்டினி கிடந்தவங்க சாயந்திரம் ரெண்டு மடங்கு சாப்பிடறதை நிறையப் பார்த்திருக்கேன்.

74 கிலோவுல எடை ஒரு மழைக்காலம் முழுக்க நின்னுச்சு. அப்பவும் சாப்பாட்டைக் குறைக்கல. ஏறாம நிக்குதே, அதுவும் நம்ம உழைப்புதான்னு நடந்துக்கிட்டே இருந்தேன்.

சேலம்_ரவி:

லாரி ஓட்டறேன். தினம் எடை பார்க்க வசதி இல்ல. டெய்லர் டேப் ஒண்ணு வண்டியில கிடக்கும், மாசம் ஒரு தடவை தொப்புளுக்கு நேரா வயித்தை எக்காம அளந்துக்குவேன். நம்ம ஊர்க்காரங்களுக்கு ஆம்பளைக்கு 90 செ.மீ., பொம்பளைக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாதுன்னு எங்க டாக்டர் சொன்னார். எடை நிக்கற மாசத்துலகூட டேப் இறங்கியிருக்கு சகோதரி. அளந்து வையுங்க.

உணவியல்_கோவை:

மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். மீனாட்சி அம்மா சொன்ன கணக்கு சரி. நான் சேர்க்க விரும்புவது சில.

வேகமாகக் குறைத்தால் மட்டும்தான் திரும்ப ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். 2014-ல் வெளிவந்த மெல்போர்ன் ஆய்வு ஒன்றில் ஒரு குழு 12 வாரத்திலும் இன்னொரு குழு 36 வாரத்திலும் எடை குறைத்தது. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரு குழுவுமே குறைத்ததில் சுமார் 70 சதவீதத்தைத் திரும்ப ஏற்றியிருந்தன. ஆகவே மெதுவாகக் குறைத்தேன் என்பதே காப்பு ஆகிவிடாது. குறைத்த பிறகும் அதே சாப்பாடு, அதே நடை தொடர்கிறதா என்பதுதான் கேள்வி. செல்வி செய்திருக்கும் மாற்றங்கள் பத்து வருடம் கழித்தும் செய்யக்கூடியவை. பவுடரை எத்தனை மாதம் குடிக்க முடியும்? மிக வேகமாக இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும், இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டவும் கூடும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியைத் தொடவே வேண்டாம்.

உங்களுக்கு முக்கியம் சர்க்கரை. 2002-ல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு இருந்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. 74 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஐந்து கிலோ சொச்சம். நீங்கள் பாதி தூரத்தைத் தாண்டிவிட்டீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆறுதலானது. அதில் உணவு, நடை மாற்றம் செய்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை, ஆனாலும் நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது. தராசு காட்டாத நன்மையும் உடம்புக்குள் நடக்கிறது.

தைராய்டு பார்த்தீர்களா? இல்லையென்றால் ஒருமுறை டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். தோசையோடு முட்டை, பயறு, கொள்ளு ஏதாவது ஒன்று சேரட்டும். புரதம் போதாவிட்டால் கொழுப்போடு தசையும் குறையும்.

திருப்பூர்_செல்வி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மீனாட்சி அக்கா, நீங்க சொன்னது சரி, நடுவுல ஒரு வாரம் அந்த நாள்தான். இன்னைக்குக் காலையில 70.7. தைக்கு முன்னாடி தெச்ச ஜாக்கெட் எல்லாத்தையும் பக்கத்துல பிடிச்சுத் தெச்சுத்தான் போடறேன், அதை நான் கணக்குலயே எடுத்துக்கல. தைராய்டு தையிலயே பார்த்தாச்சு, நார்மல்.

இன்னொண்ணு கேக்கணும். ஷிப்மென்ட் நெருங்கினா ராத்திரி பத்து வரைக்கும் ஓடும். எட்டரைக்குக் கம்பெனியிலயே பரோட்டா வாங்கிக் குடுப்பாங்க. அந்த வாரத்துல என்ன பண்றது?

திண்டுக்கல்_மீனாட்சி:

எங்களுக்கு மார்ச் கடைசியில வருஷக் கணக்கு முடிக்கறப்போ இதே கதைதான். ஆறு மணிக்கு ஒரு டப்பா சுண்டல், இல்லன்னா ரெண்டு வேகவெச்ச முட்டை சாப்பிட்டுடுங்க. பசியோட பரோட்டா முன்னால உக்காந்தா மூணு போகும், இதைச் சாப்பிட்டுட்டு உக்காந்தா ஒண்ணோட எழுந்திரிக்கலாம். ஒண்ணு சாப்பிடுங்க, எல்லாரோடயும் சேர்ந்து உக்காருங்க. வீட்டுக்கு வந்து மறுபடி தோசை வேண்டாம். காலையில அரை மணி நேரம் முடியலன்னா பத்து நிமிஷமாவது நடங்க. ஷிப்மென்ட் வாரத்துச் சராசரிக்குப் பக்கத்துல "ஷிப்மென்ட்"னு எழுதி வெச்சுக்கங்க, பின்னாடி பார்க்கறப்போ ஏன் ஏறுச்சுன்னு புரியும்.

ஹெச்பிஏ1சி மூணு மாச சராசரியைத்தான் காட்டும், அதனால இப்பவே திரும்ப எடுக்கலாம். டாக்டரம்மாகிட்ட கேட்டு எடுத்துட்டு, எவ்வளவு வந்துச்சுன்னு இங்கயே போடுங்க.