மருத்துவமனை முறைகளை நோயாளிகளோடு சேர்ந்து வடிவமைப்பது: பயன் உண்டா?

தெம்பனிஸ் அக்கா:
அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது இங்கே சிங்கப்பூரில் சேர்த்திருந்த மருத்துவமனையிலிருந்து ஓர் அழைப்பு வந்திருக்கிறது. வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முறையை மாற்றப்போகிறார்களாம். நோயாளிகள், குடும்பத்தார், தாதியர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து புது முறையை உருவாக்க வேண்டுமாம். கூட்டு வடிவமைப்பு என்று பெயர். நான் போகலாம் என்றிருக்கிறேன். அண்ணன் வீண் வேலை என்கிறார்.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று பை நிறைய மருந்து கொடுத்தார்கள். சீட்டு எல்லாம் ஆங்கிலம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரி மாத்திரைக்கு நிலா என்று மார்க்கரால் நான்தான் வரைந்து வைத்தேன். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையோடு எதையெல்லாம் சேர்க்கக்கூடாது என்று மருந்தாளர் கடகடவென்று சொன்னார். பாதிதான் மனதில் நின்றது. இதை அங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

இரவுப்பணி:
அக்கா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் நான் பொது வார்டில் பல வருடம் தாதியாக இருப்பவள், இந்தப் பட்டறைகளில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். சுவர் முழுக்க வண்ணச் சீட்டு ஒட்டுவோம், படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகு வார்டில் எதுவும் மாறவில்லை.

சிக்கல் எங்கே என்று எங்களுக்கே தெரியும். ஒரே காலையில் பலரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அவசரப் பிரிவில் படுக்கைக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள். மருந்தை நிதானமாக விளக்க நேரம் எங்கே? இதைத் தெரிந்துகொள்ள நோயாளியை வரவழைத்துக் கதை கேட்க வேண்டுமா? கூடுதலாக இரண்டு தாதியரைப் போடட்டும்.

நொவீனா:
ஆள் பற்றாக்குறை உண்மை. "எங்களுக்கே தெரியும்" என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நோயாளிகளின் அனுபவத்திலிருந்து தொடங்கும் இந்தக் கூட்டு வடிவமைப்பு முறைக்கு அடிப்படை போட்டவர்கள் பால் பேட், கிளென் ராபர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 2005 வாக்கில் இங்கிலாந்தின் லூட்டன் டன்ஸ்டபிள் மருத்துவமனையில், தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் செய்து பார்த்தார்கள். நோயாளிகள் தங்களுக்கு நடந்ததைக் கேமரா முன் சொல்கிறார்கள். ஊழியர்களிடமும் தனியாகக் கேட்கிறார்கள். பிறகு இரண்டு தரப்பும் சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்து, எதை முதலில் திருத்துவது என்று முடிவு செய்கிறார்கள். அதில் வெளிவந்த ஒன்று, எடை பார்க்கும் கருவி. எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் அது இருந்தது. சாப்பாடே இறங்காமல் உடம்பு வற்றிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதில் ஏறி நிற்பது எப்படி இருக்கும்? தனியிடத்துக்கு மாற்றினார்கள். தினமும் அதைத் தாண்டி நடந்த ஊழியர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை.

இரவுப்பணி:
நல்ல உதாரணம், மறுக்கவில்லை. ஆனால் கருவியை நகர்த்தச் செலவில்லை. செலவு வைக்கிற விஷயம் வந்தால் என்ன ஆகும்?

அதைவிட எனக்குப் பெரிய கேள்வி, அங்கே யார் வந்து உட்காரப்போகிறார்கள் என்பது. வேலை நாளில், மதிய நேரத்தில், ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டம். வருகிறவர்கள் ஏற்கெனவே நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள், நாலு மின்னஞ்சல் எழுதித் தங்கள் காரியத்தை முடித்துக்கொள்ளக் கூடியவர்கள்.

இந்த ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பணிப்பெண். மூக்குக்குழாயில் பால் ஊற்ற நாங்கள் பயிற்சி கொடுப்பது அவருக்குத்தான். குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்க, ஊசிக்குழலால் கொஞ்சம் நீரை இழுத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். நிறம் சரியில்லை என்றால் ஊற்றவே கூடாது. இவ்வளவையும் வார்டில் அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் தனியாகச் செய்கிறார். அந்த அழைப்புக் கடிதத்தில் அவருக்கு இடம் இருக்கிறதா, அக்கா?

தேக்காவாசி:
தங்கும் விடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு மொழிபெயர்ப்பு உதவி செய்கிறேன். இரவுப்பணி சொல்வது அப்படியே அவர்களுக்கும் பொருந்தும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து கருத்துச் சொல்லுங்கள் என்றால் யார் வருவார்கள்? கேட்கிறவர்கள் கட்டிலருகே போய்க் கேட்கட்டும்.

நொவீனா:
அதற்குத்தான் படம் எடுப்பதே, தேக்காவாசி. கூட்டத்துக்கு வர முடியாதவர் படத்தில் வரலாம். பணிப்பெண்ணிடம் அவர் மொழியிலேயே, விடுதித் தம்பியிடம் தமிழிலேயே பேசிப் பதிவு செய்து, கீழே எழுத்துப் போட்டுக் காட்டலாம்.

புதிதாகப் படம் எடுக்காமலும் செய்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகம் சேர்த்து வைத்திருந்த நோயாளி நேர்காணல்களிலிருந்து படம் தொகுத்து, இங்கிலாந்தின் இரண்டு மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் பயன்படுத்தினார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும் வேலை பாதியாகக் குறைந்தது. படத்தில் பேசியவர்கள் வேறு ஊர்க்காரர்கள்தான், ஆனாலும் உள்ளூர்ப் பேச்சைக் கிளப்ப அது போதுமானதாக இருந்தது. நம்மூரில் அப்படி ஒரு தொகுப்பு நான்கு அதிகாரத்துவ மொழியிலும் இருந்தால், ஒவ்வொரு மருத்துவமனையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இங்கேயும் ஒன்றுமே நடக்காமல் இல்லை. சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமம் 2017ல் நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கொண்ட ஒரு குழுவை அமைத்தது. கூ டெக் புவாட் மருத்துவமனையில் மாடித் தோட்டத்தை அக்கம்பக்கத்துத் தொண்டூழியர்கள் கவனித்துக்கொள்கிறார்கள்.

இரவுப்பணி:
தோட்டம் வேறு, வீட்டுக்கு அனுப்பும் முறை வேறு. தோட்டத்தால் படுக்கை எண்ணிக்கையோ பணிநேர அட்டவணையோ மாறப்போவதில்லை.

ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கருத்துக் கேட்பது அதில் நாலாவது படிதான். முடிவெடுக்கும் உரிமை மேல்படிகளில் இருக்கிறது. நான் உட்கார்ந்த கூட்டங்கள் ஒன்றுகூட நாலைத் தாண்டவில்லை. நோயாளி மனதைத் திறந்து சொல்கிறார், சிலர் அழுகிறார்கள். மறுநாள் அதே வார்டு, அதே அவசரம். அவர் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் நாங்கள்தானே? நீங்கள் சொல்லும் படம் எத்தனை மொழியில் இருந்தாலும், செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அறையில் இல்லை என்றால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நொவீனா:
கையெழுத்துப் போடுகிறவர் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவர் வரும்வரை யாரும் போகக்கூடாது என்பதைத்தான் ஏற்க மாட்டேன். தெம்பனிஸ் அக்கா போகாவிட்டால் அந்த மருந்துச் சீட்டைப் பற்றி அங்கே யார் பேசப்போகிறார்கள்?

தெம்பனிஸ் அக்கா:
எல்லாருக்கும் நன்றி. நான் போகிறேன். அதற்கு முன்னால் மூன்று கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறேன். செலவை முடிவு செய்கிற அதிகாரி எல்லாக் கூட்டத்துக்கும் வருவாரா? எங்கள் வீட்டுப் பணிப்பெண்ணும் வரலாமா, அவருக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டா? எது ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்று எழுத்தில் தருவார்களா? பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.

இரவுப்பணி:
நாலாவதாக ஒன்று சேருங்கள், அக்கா. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்றால் பணிப்பெண்ணுக்கு அது ஓய்வு நாள். அவர் நேரத்துக்கு மருத்துவமனை பணம் கொடுக்குமா என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் போகாதீர்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன்.