மேட்லேபிலிருந்து பைத்தானுக்கு: ~ போட்டால் எந்த நாளுக்கும் 288 வருகிறது

பிடோக்_மாணவன்:
வணக்கம். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காகப் பழைய மேட்லேப் நிரலைப் பைத்தானுக்கு மாற்றுகிறேன். சிங்கப்பூர் மழைமானிகளின் 5 நிமிட அளவுகளில் மழை இல்லாத இடைவெளிகளை எண்ண வேண்டும். சிஎஸ்வி கோப்பில் (அட்டவணைத் தரவு) 'ஈரம்' என்றொரு பத்தி. மழை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மேட்லேபில் 'இஃப் ~ஈரம்' என்று இருந்ததை அப்படியே வைத்தேன். எர்ரர் ஏதுமில்லை. ஆனால் அடைமழை நாளுக்கும் விடை 288!

ஜூரோங்_கோடர்:
ஒரு நாளுக்கு மொத்தமே 288 இடைவெளிதான் தம்பி. உங்கள் இஃப் ஒரு தடவைகூடப் பொய்யாகவில்லை.

மேட்லேபில் ~ என்றால் 'இல்லை': ~1 கொடுத்தால் 0. பைத்தானில் அதே குறி ஒவ்வொரு பிட்டையும் புரட்டும், அதாவது -எண்-1. ~0 கொடுத்தால் -1, ~1 கொடுத்தால் -2. இரண்டும் பூஜ்யம் இல்லை, ஆகவே இரண்டும் மெய். 'இஃப் நாட் ஈரம்' என்று மாற்றுங்கள். மேட்லேபின் ~= இங்கே !=; அதை மறந்தால் எர்ரராவது வரும். ~ சத்தமே போடாது. பூலியன் (மெய்/பொய் மதிப்பு) மேல் போட்டால் மட்டும் பைத்தான் 3.12 முதல் எச்சரிக்கை வரும். உங்களுடையது முழு எண், அதனால் தப்பிவிட்டது.

பிடோக்_மாணவன்:
நன்றி அண்ணே, இப்போது 203. ஆனால் நம்பை அர்ரே (எண்களின் வரிசை) மேல் 'நாட்' போட்டால் வேல்யூ எர்ரர்.

தெம்பனிஸ்_அக்கா:
அர்ரே முழுவதற்கும் ஒரே மெய்/பொய் சொல்ல முடியாது என்கிறது. அங்கே ~ சரிதான், ஆனால் அர்ரே பூல் வகையாக இருக்க வேண்டும். முழு எண் அர்ரேயை 'மழை[~ஈரம்]' என்று கொடுத்தால் வடிகட்டாது; -1, -2 இரண்டையும் இடஎண் என்று எடுத்துக்கொண்டு கடைசி இரண்டு அளவுகளையே 288 தடவை திருப்பித் தரும். விடையின் நீளமும் 288தான், பார்த்தால் சந்தேகமே வராது. முதலில் 'ஈரம் == 1' என்று பூலாக்கிவிட்டு ~ போடுங்கள்.

இன்னொன்று, இதுதான் உண்மையில் கடிக்கும். நிரலில் '~நிலை == முந்தைய' மாதிரி வரி இருக்கிறதா? மேட்லேபில் ~ முதலில் ஓடும். பைத்தானில் 'நாட் நிலை == முந்தைய' என்றால் == முதலில், 'நாட்' பிறகு. 0, 1 மட்டும் இருக்கும்வரை இரண்டும் ஒரே விடை.

பிடோக்_மாணவன்:
இருக்கிறது அக்கா. மானி பழுது என்றால் நிலை 2.

தெம்பனிஸ்_அக்கா:
அப்படியென்றால் மாட்டும். நிலை 2, முந்தையது 1: மேட்லேபில் ~2 பூஜ்யம், 0 == 1 பொய். பைத்தானில் 2 == 1 பொய், 'நாட்' அதை மெய்யாக்கும். '(நாட் நிலை) == முந்தைய' என்று அடைப்புக்குறி போடுங்கள்.

ஜூரோங்_கோடர்:
விடுபட்ட அளவுகளையும் பாருங்கள். நேன் ('எண் இல்லை' என்ற குறி) மேல் ~ போட்டால் மேட்லேப் எர்ரர் தந்து நிற்கும். பைத்தானில் 'நாட் நேன்' சத்தமில்லாமல் பொய் ஆகும். 'மழை > 0' என்று ஒப்பிட்டாலோ நேன் வறண்ட கணக்கில் சேர்ந்துவிடும். எண்ணுவதற்கு முன்பே, நேனைக் கண்டுபிடிக்கும் 'ஐஸ்நேன்' வைத்து நீக்கிவிடுங்கள்.