நம்ம குடும்பம் குரூப்: அயர்ன்பாக்ஸ் போட்டா ட்ரிப் ஆகுது

காலை 7:40

அகிலா: சித்தப்பா, அயர்ன்பாக்ஸ் போட்டதும் வீடு முழுக்க கரண்ட் போயிடுது. பக்கத்து வீட்டு பாக்ஸை வாங்கிப் போட்டாலும் இதே கதை.

குமார்: டிபில, அதான் மெயின் சுவிட்ச் பெட்டில, எது விழுது? ஓவர்லோடு ஆனா விழுற சின்ன எம்சிபியா, டெஸ்ட் பட்டன் வச்ச அகலமானதா?

அகிலா: அகலமானதுதான் அண்ணா. 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர்னு போட்டிருக்கு.

குமார்: அப்ப ஓவர்லோடு இல்ல. அது ஆர்சிசிபி, கரண்ட் கசிஞ்சா விழுற பிரேக்கர். பேஸ்ல போன கரண்ட் அப்படியே நியூட்ரல்ல திரும்புதான்னு மட்டும்தான் பார்க்கும். கணக்கு உதைச்சா விழுந்துடும்.

அகிலா: மிக்ஸிக்கும் சில நேரம் விழுது. லைட், ஃபேன் மட்டும் ஓடினா நிக்குது.

சித்தப்பா: அப்படின்னா எங்கயோ நியூட்ரல் எர்த்தைத் தொடுதும்மா. 1000 வாட் அயர்ன்பாக்ஸ் 4.3 ஆம்பியர் இழுக்கும். திரும்பி வர்றப்போ அதுல நூத்துல ஒரு பங்கு எர்த் வழியா நழுவினாலே 43 மில்லி ஆம்பியர். 30 தாண்டியாச்சு. ஃபேனுக்கு மொத்தமே கால், அரை ஆம்பியர். நழுவுறதும் கொஞ்சம்தான், அதான் நிக்குது.

அகிலா: ஒவ்வொரு எம்சிபியா ஆஃப் பண்ணிப் பார்த்துட்டேனே. எதை அணைச்சாலும் விழுது.

சித்தப்பா: ஒத்தை போல் எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் வயர் எல்லாம் ஒரே பார்ல, அதான் உலோகப் பட்டையில, சேர்ந்தே கிடக்கும். இந்தக் கோளாறுல எல்லாரும் ஏமாறுற இடம் அதுதான்.

அத்தை: எங்க தெருவுல ஒருத்தருக்கு ஆர்சிசிபியைக் கழட்டிட்டு நேரா கொடுத்துட்டாங்களாம். இல்லன்னா 100 மில்லி ஆம்பியர் போட்டா நிக்குமாம்.

குமார்: வேணாம் அத்தை. 100 தீப்பிடிக்காம பாத்துக்கத்தான், ஆளைக் காப்பாத்த 30 வேணும். அகிலா, சாயங்காலம் வர்றேன். அதுக்குள்ள ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் உட்பட எல்லா பிளக்கையும் பிடுங்கி வை. சுவிட்சை அணைச்சா போதாது, அதுவும் பேஸை மட்டும்தான் வெட்டும்.

சித்தப்பா: குமாரு, இன்வெர்ட்டரை மறந்துடாத. மெயினை அணைச்சாலும் அது உள்ள கரண்ட் தள்ளும்.

மாலை 6:25

குமார்: மெயின், ஆர்சிசிபி, இன்வெர்ட்டர் எல்லாம் ஆஃப். டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டேன். நியூட்ரல் பாருக்கும் எர்த் பாருக்கும் நடுவுல மீட்டர் வச்சா பீப் அடிக்குது, 1.4 ஓம்.

சித்தப்பா: ரெண்டுக்கும் நடுவுல தொடர்பே காட்டக் கூடாது. பார்ல இருக்கிற நியூட்ரலை ஒவ்வொண்ணா கழட்டு. கழட்டும்போதே டேப்ல நம்பர் எழுதி ஒட்டிடு, இல்லன்னா திரும்ப மாட்டும்போது முழிப்ப.

குமார்: 1, 2, 3 கழட்டியும் பீப் நிக்கல. 4-வது எடுத்ததும் நின்னுடுச்சு. மொட்டை மாடி லைட் லைன்.

அகிலா: அந்த லைட்டைப் போட்டே மாசக்கணக்காச்சு!

குமார்: சுவிட்ச் அணைஞ்சிருந்தாலும் நியூட்ரல் அங்க வரைக்கும் போகுதுல்ல. [படம்] பாரு, அந்த லைட்டுக்கு வயர் சேருற, எர்த் கொடுத்த இரும்பு ஜங்ஷன் பாக்ஸோட மூடி வயரை நசுக்கியிருக்கு. கறுப்பு வயர்ல, அதான் நியூட்ரல்ல, தோல் கிழிஞ்சு செம்பு பாக்ஸைத் தொடுது. மேல் ஓட்டை வழியா மழைத்தண்ணி இறங்கி துரு வேற.

சித்தப்பா: டேப் சுத்தி சமாளிக்காத. நசுங்கின இடத்தை வெட்டிட்டு கனெக்டர் போடு. பாக்ஸையும் மழை தாங்குற பிளாஸ்டிக்குக்கு மாத்திடு, வயர் கீழ்ப்பக்கமா நுழையணும்.

இரவு 7:50

குமார்: மாத்தியாச்சு. மீட்டர்ல இப்ப ஓஎல், அதாவது தொடர்பே இல்ல. நியூட்ரல் எல்லாம் திரும்ப மாட்டி, ஸ்க்ரூ இறுக்கி, அயர்ன்பாக்ஸும் மிக்ஸியும் சேர்த்துப் போட்டேன். நிக்குது. டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், உடனே விழுந்துச்சு.

சித்தப்பா: மாசம் ஒரு தடவை அந்தப் பட்டனை அமுக்கிப் பாரு அகிலா. ஆனா அது ஆர்சிசிபியைத்தான் சோதிக்கும். எர்த் வயர் அறுந்து கிடந்தாலும் பட்டனுக்கு விழும், எர்த்தைத் தனியாத்தான் பார்க்கணும்.

அகிலா: சரி சித்தப்பா. ஃப்ரிட்ஜ் பிளக்கை மாட்டலாமா?

குமார்: மாட்டு, பால் கெட்டுடப் போகுது.