முட்டிவலிக்கு 0.7 மார்க்: இந்தக் கணக்கு சரியா?

முதுநகர்வாசி:
எந்த சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கலாம் என்று கணக்குப் போட உதவும் ஈக்யூ-5டி என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்வது, அன்றாடப் பிழைப்பு, வலி, மனக்கவலை ஆகிய ஐந்தையும் வைத்து உடல்நிலையை விவரிக்கும். முழு ஆரோக்கியத்துக்கு மார்க் 1, சாவுக்கு 0. அந்த மார்க் போடும் விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. "இந்த முட்டிவலியோடு 10 வருடம் வாழ்வீர்களா, வலியில்லாமல் 7 வருடம் போதுமா?" என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றால் அந்த நிலைக்கு 0.7. எங்கள் துறைமுகத்தில் வலை இழுப்பவரிடம் இதைக் கேட்டால், பெண்ணுக்குக் கல்யாணம் முடிய எத்தனை வருடம் ஆகும் என்றுதான் முதலில் யோசிப்பார். அந்தப் பதிலில் வலி எங்கே இருக்கிறது?

கோரிமேடு நர்ஸ்:
யோசிக்கட்டுமே அண்ணா, அதுவும் அவர் வாழ்க்கைதானே? பிழைத்தவர்களின் தலையை மட்டும் எண்ணினால் மூட்டு ஆபரேஷனுக்குப் பணமே ஒதுக்க மாட்டார்கள். முட்டிவலியில் யாரும் சாவதில்லையே. அப்புறம், இது வெள்ளைக்காரன் மார்க்கும் இல்லை. ஐந்து மாநிலங்களில் 3,500 பேருக்கு மேல் கேட்டு, எந்த நிலைக்கு எத்தனை மார்க் என்று இந்தியாவுக்கென்றே ஒரு மதிப்புப் பட்டியல் 2022-ல் வந்துவிட்டது.

சில்வர் பீச் சிவா:
சாவை விட மோசம் என்று மைனஸ் மார்க்கும் உண்டாமே! படுக்கையில் கிடந்த எங்கள் ஆயாவுக்கு எவனாவது மைனஸ் போட்டிருந்தால் விளக்குமாறு பறந்திருக்கும்.

முதுநகர்வாசி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். மார்க் போடுவது பொதுமக்கள், பெரும்பாலும் அந்த நோயே வராதவர்கள். டயாலிசிஸ் வாழ்க்கைக்குப் பொதுமக்கள் தந்த மதிப்பை விட, டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தந்த மதிப்பு அதிகம் என்று சாக்கெட், டொரன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1978-லேயே எழுதிவிட்டார்கள். என் மாமாவும் டயாலிசிஸில்தான் இருக்கிறார். சீட்டாட்டத்தில் இன்னும் அவரை ஜெயிக்க முடியவில்லை.

கோரிமேடு நர்ஸ்:
மாமா தன் நிலைக்கு 0.8 போடுகிறார் என்று வையுங்கள். கிட்னி மாற்றினால் அவருக்குக் கூடக்கூடியது அதிகபட்சம் 0.2. பொதுமக்கள் 0.5 போட்டால் 0.5 வரை கூடும். மாற்று சிகிச்சைக்குப் பணம் கேட்கும்போது எந்த எண் அவருக்கு உதவும்? வார்டில் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் "பரவாயில்லம்மா" என்பார்கள். முகத்தைப் பார்த்துத்தான் டாக்டரைக் கூப்பிடுவோம். பழகிப்போனதை அப்படியே சுகம் என்று எழுதிக்கொள்ள முடியாது.

முதுநகர்வாசி:
கிட்னி கிடைத்தால் சரி தங்கச்சி. கிடைக்காவிட்டால்? வருடத்தை அந்த 0.5-ஆல் பெருக்கினால், அவரை ஒரு வருடம் உயிரோடு வைத்திருப்பது உங்கள் கணக்கில் அரை வருடம்தான். திடமாக இருப்பவரைக் காப்பாற்றினால் முழு வருடம். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம் சிகிச்சைகளை வரிசைப்படுத்திய திட்டத்தை, மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதகம் என்று 1992-ல் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. பிரச்சினை இதேதான்.

கோரிமேடு நர்ஸ்:
உயிர் காக்கும் சிகிச்சையை இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, அது சரி. அதற்காக எண்ணே வேண்டாம் என்றால் சிபாரிசுக் கடிதம் வைத்திருப்பவன்தான் முன்னால் நிற்பான்.

முதுநகர்வாசி:
எண் இருக்கட்டும். நோயாளிகள் போட்ட மார்க்கையும் பக்கத்திலேயே அச்சிடட்டும்.

சில்வர் பீச் சிவா:
இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எதை எடுப்பது?

முதுநகர்வாசி:
நோயாளி சொன்னதை.

கோரிமேடு நர்ஸ்:
அப்போது மாமாவின் 0.2-க்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.