பழைய சிவிக் ஆட்டோமேட்டிக்: இடது முன்சக்கரத்துக்கு உள்ளே சிவப்பு ஆயில் கசிவு

சாம்பல்_செடான்:
2008 ஹோண்டா சிவிக் 1.8, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், செகண்ட் ஹேண்ட். 96,000 கி.மீ. ஓடியிருக்கு. ராத்திரி நிறுத்தினா காலையில் இடது முன்சக்கரத்துக்கு உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை. காலையில் 'டி'யில் போட்டா ரெண்டு விநாடி கழிச்சுத்தான் பிடிக்குது. கியர்பாக்ஸை இறக்கணும்னு பட்டறையில் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி எதைப் பார்க்கலாம்? கசிவை அடைக்கும் பாட்டில் மருந்து ஊத்தலாமா?

கிரீஸ்_கை:
முதலில் கியர்பாக்ஸ் ஆயில் (ஏடிஎஃப்) அளவு. வண்டியை நல்லா ஓட்டி, ரேடியேட்டர் ஃபேன் சுத்துற வரை சூடாக்கி, சமதரையில் நிறுத்தி இன்ஜினை அணைங்க. 60 முதல் 90 விநாடிக்குள் கியர்பாக்ஸோட டிப்ஸ்டிக்கை (அளவு பார்க்கும் கம்பி) உருவித் துடைச்சு, மறுபடி செருகிப் பாருங்க. டொயோட்டா பழக்கத்தில் இன்ஜின் ஓடும்போதே பார்க்கிறவங்க உண்டு. இந்தப் பெட்டியில் அப்படிப் பார்த்தா அளவு குறைவாத்தான் தெரியும். அதை நம்பி மேலும் ஊத்தினா ஆயில் நுரைச்சு பிரீதர் (கியர்பாக்ஸின் காற்றுத் துளை) வழியா வெளியே வரும், புதுசா ஒரு கசிவு முளைச்ச மாதிரி இருக்கும்.

அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தா பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் ஏற நேரம் பிடிக்கும். அந்த ரெண்டு விநாடித் தாமதத்துக்கு இதுவே காரணமா இருக்கலாம். கிளட்ச் பிளேட் போச்சுன்னு இப்பவே முடிவு கட்டாதீங்க.

அடுத்து அடிப்பக்கம் முழுக்க பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைச்சு, 20 கி.மீ. ஓட்டிட்டுப் பாருங்க. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். அதனால ஈரம் இருக்கிறதிலேயே மேலேயும் முன்னாலேயும் எங்கே இருக்கோ, அதுதான் ஊற்று. ஒழுகக்கூடிய இடங்கள்: டிரைவ்ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுத்தும் தண்டு) ஆயில் சீல், வடிகால் போல்ட் வாஷர், கூலர் ஹோஸ் கிளாம்ப். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் அடியில் சொட்டினா மட்டும் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) சீலைச் சந்தேகிக்கணும். அதுக்குத்தான் பெட்டியை இறக்கணும். அங்கேயே இன்ஜின் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீலும் இருக்கு, அதனால் ஒழுகுறது இன்ஜின் ஆயிலா, ஏடிஎஃப்பான்னு முதலில் தெளிவு பண்ணுங்க.

டிப்ஸ்டிக்கில் ஆயில் ரோஸ்மில்க் மாதிரி இருந்தா கதையே வேற. கூலன்ட் உள்ளே கலந்திருக்கு. கிளட்ச் பிளேட்டின் பசையை அது பிரிச்செடுத்துடும். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க.

பூண்டி_காற்று:
பாட்டில் மருந்து வேண்டாம். ரப்பரை ஊதவைக்கிறதுதான் அதோட வேலை. காய்ஞ்சு இறுகின சீலில் சில மாசம் பலன் தெரியலாம், உதடு (ஷாஃப்டை உரசும் ரப்பர் விளிம்பு) தேய்ஞ்ச சீலுக்கு ஒண்ணும் செய்யாது. உள்ளே இருக்கிற மற்ற சீல்களையும் சேர்த்து மென்மையாக்கிடும்.

சாம்பல்_செடான்:
பார்த்தாச்சு. அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே, நிறம் லேசான பழுப்பு. பெல் ஹவுசிங் காய்ஞ்சு கிடக்கு. டிரைவ்ஷாஃப்ட் நுழையும் இடம்தான் ஈரம். என்னென்ன வாங்கணும்?

கிரீஸ்_கை:
டிரைவ்ஷாஃப்ட் ஆயில் சீல் 1, ஷாஃப்ட் நுனிக்குப் புது செட் ரிங் (ஷாஃப்ட் கழன்று வராம பிடிக்கும் வளையம்) 1, வடிகால் போல்டுக்கு 18 மி.மீ. அலுமினிய வாஷர் 1, ஹோண்டா டிடபிள்யூ-1 ஆயில் 4 லிட்டர். பழைய இசட்-1க்கு மாற்றா வந்தது அதுதான். சிவிடி (பெல்ட் வகை ஆட்டோமேட்டிக்) ஆயிலை மாற்றி வாங்கிடாதீங்க.

ஷாஃப்டை உருவும் முன் ஆயிலை வடிச்சிடுங்க, இல்லைன்னா முகத்தில்தான் விழும். வடிகால் போல்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தா இயல்பு, உலோகச் சில்லு இருந்தா கவலைப்படணும். போல்டை 49 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்க.

ஷாஃப்டை வெளியே எடுத்ததும் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவுங்க. பள்ளம் தட்டினா புது சீலும் ஒழுகும், ஷாஃப்டையும் மாத்தணும். ஷாஃப்டை ஆட்டும்போது மேலும் கீழும் தாராளமா ஆடினா டிஃபரன்ஷியல் (ரெண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிச்சுக் கொடுக்கும் பாகம்) பேரிங்கைப் பட்டறையில் பார்க்கச் சொல்லுங்க. புது சீலின் உதட்டில் ஏடிஎஃப் தடவி, சரியான அளவுக் குழாயை வச்சு நேரா தட்டி இறக்கணும். ஸ்க்ரூடிரைவரால் ஒரு பக்கமா அடிச்சா கோணலா உட்காரும். ஷாஃப்டைத் திரும்பச் செருகும்போது அதன் பல் புது உதட்டைக் கீறாம நிதானமா விடுங்க.

வடிச்சு நிரப்ப 2.4 லிட்டர் போகும், குறைஞ்சிருந்த அளவும் சேரும். பெட்டியில் மீதி இருக்கிறது பழைய ஆயில்தான். அதையும் புதுசாக்கணும்னா இடையில் கொஞ்சம் ஓட்டி இன்னும் ரெண்டு தடவை வடிச்சு நிரப்புங்க. அப்போ 4 லிட்டர் பத்தாது, 8 வாங்குங்க.